சாமி என்ன மேஸ்திரியா?

1

எங்கள் ஆஸ்பத்திரியில் விடுப்புக் கேட்கும் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். போன வாரம் அந்தக் கட்டத்தின் முன்னால் பேனாவும் கையுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நைனாவுக்கு வருஷத் தெவசம். அதை இங்கிலீஷில் அந்த அகலத்துக்குள் எப்படி எழுதுவது?

கடைசியில் ‘தகப்பனார் மரணம்’ என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பான அம்மாள் நல்ல மனுஷி. படித்தவுடன் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, எப்போது என்று கேட்டார். போன வருஷம் என்றேன். தோளிலிருந்த கை மெதுவாகத் திரும்பிப் போயிற்று.

சாவுக்கு விடுப்பு உண்டாம். ஆனால் அது செத்த வாரத்தில். ஒரு வருஷம் கழித்து எடுப்பதற்கு இடமில்லை. பண்டிகையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் துக்க நாளா? அப்படியும் சொல்ல முடியாது, அன்றைக்கு வடை சுடுவோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் பேனாவை மூடினார். இரண்டு நாள் கழித்து, இந்த முறை இயலவில்லை என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது.

நான் இந்த வட இங்கிலாந்து ஊருக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டுச் சுவருக்கு என் நைனா வெள்ளையடித்திருப்பார். அவர்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருந்ததில்லை. சுவர்கள் எல்லாம் ஞாபகம் இருந்தன. எந்தச் சுவர் ஈரம் வாங்கும், எது இரண்டு பூச்சுக்கு அடங்காது என்று வரிசையாகச் சொல்வார்.

2

நைனாவின் பெயர் ஏழுமலை. எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்துக்குப் பெருவிரல்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். சுண்ணாம்புத் தொட்டியில் முக்கி எடுத்துத் தோல் வெந்துபோன கையால் என் சிலேட்டைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார். துடைத்த பிறகும் அதில் வெள்ளை இருக்கும்.

வெள்ளையடிக்கிறவர்களுக்கு மார்கழியில் மூச்சு விட நேரமிருக்காது. பொங்கலுக்குள் எல்லா வீட்டையும் முடித்தாக வேண்டும். அதே மார்கழியில்தான் எங்கள் தெருப் பஜனைக் கோஷ்டியும் புறப்படும். விடிவதற்கு முன்னால், பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பேர். ரிக்‌ஷாக்காரர்கள், காய்கறி வண்டிக்காரர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த முனுசாமி மாமா ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். முதல் குரல் நைனா. அவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மாடவீதிகளைச் சுற்றி முடிக்கும்போது விடியும். நைனா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்படியே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

மாதக் கடைசி நாளில் கோஷ்டி அடையாற்றுப் பாலத்தைத் தாண்டித் திருவான்மியூர் கோயிலுக்கு நடந்து போகும். அங்கே இருக்கிற சாமிக்கு மருந்தீஸ்வரர் என்று பெயர். அந்தச் சாமிமேல் கோஷ்டிக்கு ஒரு பாட்டு இருந்தது. யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. நைனா பாடுவது இப்படி:

‘பணி தீர்க்கும் பெருமானே – எங்கள்
பக்கத்தில் வா, பெருமானே.
மருந்தாகி நின்றவனே – எங்கள்
மனசாகி நின்றவனே.’

நைனாவின் குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் ‘பணி’ என்கிற இடத்தில் ஒரு நொடி நின்று, பாரத்தை இறக்கி வைப்பதுபோல் ஒரு இறக்கம் கொடுப்பார். அதைக் கேட்டால் சின்ன வயதில் எனக்கு முதுகு சிலிர்க்கும்.

3

நான் பி.யு.சி. படித்த வருஷம். எங்கள் குடிசையில் சிம்னி விளக்குதான். மாடவீதியில் ரகு என்கிற கூடப்படித்த பையன் வீட்டில் மின்விளக்கு இருந்தது. பரீட்சை நெருங்கியதால் விடியற்காலையில் அங்கே போய்ப் படிப்பேன். ரகுவுக்குத் தமிழ்ப் பாடம் நன்றாக வரும். எனக்கும் தமிழ் என்றால் வெறி. ஒற்றுப்பிழை கண்ட இடமெல்லாம் சிவப்பு மையால் சுழிக்கும் எங்கள் தமிழ் வாத்தியாரைத்தான் நான் அப்போது சாமியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு நாள் ஜன்னலுக்குக் கீழே கோஷ்டி போயிற்று. ரகு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான்.

“கேட்டியாடா? பிணிங்கறதைப் பணின்னு பாடிண்டு போறா. பணியைத் தீர்த்து வைக்கறதுக்கு சாமி என்ன மேஸ்திரியா?”

நான் சிரித்தேன். அவன் சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரித்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

உள்ளேயிருந்து ரகுவின் அம்மா, “யாரைடா கேலி பண்றே? குரல் எவ்வளவு இதமா இருக்கு பாரு. நம்மாத்துக்கு வெள்ளையடிக்க வருவாரே, அவர்தான்” என்றார்.

“உனக்குத் தெரியுமாடா அவாளை?” என்று ரகு என்னைக் கேட்டான்.

“எங்க தெருப் பக்கம்தான்” என்றேன்.

அன்று சாயங்காலம் நைனா வேலை முடிந்து வந்து கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன்.

“நைனா, அந்தப் பாட்டுல அது பணி இல்ல. பிணி.”

“இன்னாது?”

“பானாவுக்கு மேல்விலங்கு போடணும். பி. பிணி.”

“விலங்கா? போலீசுக்காரன் மாட்டுவானே, அதுவா?” அடுப்படியிலிருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

“பிணின்னா நோவு. திருவான்மியூர் சாமி நோவத் தீர்க்கிறவர். அதனாலதான் அடுத்த வரில மருந்துன்னு வருது.”

அவர் யோசித்தார். “நோவுக்குத்தான் தர்மாஸ்பத்திரி கீதே. கையில எடுத்த வேலைய நல்லபடியா முடிச்சுக் குடுக்க யாரு கீறா? நான் இத்தினி வருசமா அதத்தான் கேட்டுக்கினு இருந்தேன்.”

“கேக்கறவங்க சிரிக்கிறாங்க, நைனா.”

“யாரு சிரிக்கிறாங்க?”

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, “படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். மறுநாள் விடியலில் கோஷ்டியில் எல்லோரிடமும், “என் புள்ள சொல்லிக் குடுத்தான், அது பிணியாம்” என்று அறிவித்தாராம்.

ஆனால் வாய் வரவில்லை. ‘பி’ என்று தொடங்கித் தடுக்கும். அதற்குள் பின்னால் இருப்பவர்கள் ‘பணி’ என்று பாடிவிடுவார்கள். இரண்டும் மோதும். “இன்னா ஏழுமல, வாய்ல சுண்ணாம்பு பூந்துக்கிச்சா?” என்று முனுசாமி மாமா கிண்டல் செய்தார். நாலாம் நாள் நைனா முதல் குரலை அவரிடம் கொடுத்துவிட்டு ஜால்ராவை வாங்கிக்கொண்டார். அதன்பிறகு அவர் வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை.

4

நான் பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கும்போது அம்மாவுக்கு மார்பில் கட்டி. அடையாற்றில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரவில் வார்டுக்கு வெளியே நைனா, பகலில் நான். காலையில் நான் போனதும் நைனா அங்கிருந்து திருவான்மியூருக்கு நடப்பார். ஒரு நாள் சித்தி வந்திருந்ததால் அம்மாவை அவளிடம் விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன்.

கோயிலில் வன்னிமரத்தடியில் நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். “என்ன பாடின, நைனா?”

“நீ சொன்னதுதான்.”

“பிணியா?”

“ஆமா. பி-ணி.” சிலேட்டில் முதல் எழுத்துப் போடுகிற குழந்தை மாதிரி கவனமாகச் சொன்னார். “இப்போ உங்கம்மாவுக்கு நோவுதானே? கரெக்டா கேக்கணும்ல.”

மூன்றாவது வாரம் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, நைனா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“உம்மேல தப்பில்லப்பா. நீ சொன்ன வார்த்த கரெக்டுதான். எனக்குத்தான் அது வாய்ல படியல. வேற ஆளு கூப்பிட்ட மாதிரி இருந்திருக்கும். இவன் யாருடா புச்சா கீறானேன்னு சாமி பாத்திருக்கும்.”

“வார்த்தையால ஒண்ணும் ஆகல, நைனா. நோய் முத்திப் போச்சு. டாக்டர் சொன்னாரில்ல?” என்றேன். அது உண்மைதான். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அது இல்லை. ‘உன் பழைய வார்த்தையையே பாடு’ என்கிற ஒரு வாக்கியம் என் தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் நான் திருத்தியது தப்பென்று ஆகிவிடும். அகராதிப்படி அது தப்பில்லையே. படிப்பு எனக்கு எவ்வளவோ கொடுத்தது, அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் சரியாக இருப்பதிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் நடத்தவில்லை.

இப்போது யோசித்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. அந்தப் பாட்டுக்கு ஏடு கிடையாது, எழுதி வைத்தவர் கிடையாது. பாரம் தூக்குகிறவர்கள் கட்டிய பாட்டு. அது ஆரம்பத்திலிருந்தே பணியாக இருந்திருந்தால்?

5

இங்கே வந்து மல்லிகாவும் நானும் குடித்தனம் போட்டு, செல்வி பிறந்து, அவள் நடக்கவும் பேசவும் ஆரம்பித்தாள். பேச ஆரம்பித்தது இரண்டு பாஷையில். பிறகு ஒன்றரை. இப்போது நாலு வயதில் ஒன்றேகால். வீட்டில் தமிழில்தான் பேசுகிறோம். புரிந்துகொள்கிறாள், பதில் பாதி இங்கிலீஷில் வரும். மூன்று சுழி ணகரம் அவள் காதில் விழுவதே இல்லை. ‘கண்’ என்றால் ‘கன்’ என்பாள். ‘வெண்ணெய்’ எங்கள் வீட்டில் ‘வென்னை’ ஆகிவிட்டது. நான் நைனாவை நைனா என்று கூப்பிட்டவன். அவள் என்னை டாடி என்கிறாள்.

போன வருஷத்துக்கு முந்தின தீபாவளி சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு தாளாமல் நைனாவுக்கு ஏர்மெயில் எழுதினேன். கடிதம் போனால் முனுசாமி மாமாதான் படித்துக் காட்டுவார். பாட்டு, ரகு வீட்டு ஜன்னல், என் சிரிப்பு எல்லாவற்றையும் விவரமாக எழுத நினைத்தேன். மூன்றாவது ஆள் படிக்கப்போகிறார் என்கிற கூச்சத்தில் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் இப்படி எழுதினேன்: ‘நைனா, பணிதான் சரி. நான் அன்று சொன்னதை மறந்துவிடு. இனிப் பிணி வேண்டாம்.’

பதில் வந்தது. முனுசாமி மாமாவின் கோழிக்கிறுக்கல்: ‘உன் பணி சரியாக இருப்பதும் உனக்குப் பிணி ஏதும் இல்லை என்பதும் அறிந்து உன் நைனா ரொம்பவும் சந்தோஷப்பட்டார். அன்று சொன்னது என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன என்று கேட்கச் சொன்னார்.’

நானும் மல்லிகாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு மல்லிகா சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த வாரமே விளக்கமாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். வாரம் மாதமாயிற்று. பொங்கல் முடிந்த நாலாம் நாள் தந்தி வந்தது. பொங்கல் வேலை முழுவதையும் முடித்து, வெள்ளையடிக்கிற மட்டையைக் கழுவிக் காயவைத்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

என் பாஸ்போர்ட் அப்போது கையில் இல்லை. இங்கே தங்கும் காலத்தை நீட்டிக்க முத்திரை வாங்குவதற்காக லண்டன் அலுவலகத்துக்குப் போயிருந்தது. தொலைபேசியில் கேட்டேன். வரிசைப்படிதான் வரும் என்றார்கள், மரியாதையாகவே சொன்னார்கள். அது வந்து சேர்ந்தபோது நைனாவுக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது.

கடைசி மார்கழி நடையில் நைனா பாடினாரா என்று முனுசாமி மாமாவுக்கு எழுதிக் கேட்டேன். ‘வாய் அசைந்தது. ஜால்ரா சத்தத்தில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை’ என்று எழுதியிருந்தார். பொய்யாகவாவது ஒன்று எழுதியிருக்கலாம். ஆனால் அவர் பொய் எழுதுகிறவர் இல்லை.

6

இங்கே நாங்கள் கும்பிடக் கோயில் இல்லை. சமையலறை அலமாரியில் ஒரு தட்டுத்தான். ஆனால் என் மனசு கொஞ்சம் இறங்கியது அந்தத் தட்டுக்கு முன்னால் இல்லை, வார்டில்.

இந்தக் கிறிஸ்துமசுக்கு நர்சுகள் கட்டில் கட்டிலாகப் போய்ப் பாடினார்கள். பல வருஷமாக அந்த வார்டிலேயே இருக்கும் ஒரு வயதான அம்மாளுக்கு நான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். பல்லில்லாத வாயோடு அவரும் சேர்ந்து பாடினார். பக்கத்திலிருந்த நர்ஸ் என் காதருகே, “அந்த வரி முழுக்கத் தப்பு. வருஷா வருஷம் இப்படித்தான் பாடுவார்” என்றாள். சொல்லிவிட்டு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தப்பு வரியையே கூடச் சேர்ந்து பாடினாள்.

அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நைனாவின் பாட்டை வாய்விட்டுப் பாடினேன். ‘பணி தீர்க்கும் பெருமானே’ என்று அவர் வார்த்தையிலேயே. அந்த இறக்கம் எனக்கு வரவில்லை. ஆனாலும் நெஞ்சில் அடைத்திருந்தது ஒரு விரற்கடை நகர்ந்தது. அதிலிருந்து தினமும் பாத்திரம் கழுவும் நேரம் எனக்குப் பாட்டு நேரம்.

7

தெவசத்தன்று விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே உலகமே வெள்ளையாக இருந்தது. ஒரு அடி பனி. தெரு, மதில், குப்பைத் தொட்டி மூடி எதையும் விடாமல் அடித்திருந்தது. நைனா பார்த்திருந்தால், ‘ஒரே பூச்சுல இப்பிடி வெளுக்காதுடா, மூணு பூச்சு’ என்று சொல்லியிருப்பார்.

பஸ் ஓடவில்லை. தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். பரிசோதனைக் கூடத்து அம்மாள்தான் எடுத்தார். பரவாயில்லை, பஸ் ஓடத் தொடங்கினால் வா, அதுவரைக்கும் படிவத்தில் பனி என்று நானே எழுதிவிடுகிறேன் என்றார். பனிக்கு அந்தக் கட்டத்தில் இடமிருக்கிறது.

மல்லிகா வடை சுட்டாள். வாழையிலை இல்லாததால் எவர்சில்வர் தட்டு. நைனாவுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும். கருவாட்டுக்கு எங்கே போவது, டப்பா மீனில் குழம்பு. நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது லஸ் பக்கம் ஸ்டூடியோவில் எடுத்த நைனாவின் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தோம். கேமராவைக் கண்டு மிரண்ட முகம். கற்பூரம் ஏற்றினேன். மந்திரம் தெரியாது, சொல்லி வைக்க ஆளும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாடலாம் என்று வாயைத் திறந்தால் வரவில்லை.

அப்போது ஜன்னலண்டை நின்றிருந்த செல்வி, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி பாடினாள்:

“பனி தீர்க்கும் பெருமானே – எங்கள்
பக்கத்தில் வா, பெருமானே…”

ராகம் பிசகவில்லை. அந்த முதல் வார்த்தையில் நின்று ஒரு இறக்கம்கூட இருந்தது. அது எனக்கே வராதது. வார்த்தைதான் வேறு.

“அது பனி இல்ல, செல்வி” என்று சொல்லத் திரும்பினேன். ணகரம் எப்படி என்று காட்டுவதற்காக என் நாக்கு மடிந்து மேலே போயே விட்டது. எதிரே நைனாவின் படம். நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

“எதுக்கும்மா பனி தீரணும்?” என்று கேட்டேன்.

அவள் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “பஸ் வரணும்ல, டாடி? பஸ் வந்தாத்தான நீ வொர்க்குக்குப் போவே?”

மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து செல்வியை இழுத்துப் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

“நீ எடுத்துக் குடு. நாங்க பின்னால பாடறோம்.”

எடுத்துக் கொடுத்தாள். அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே நாங்கள் வாங்கிப் பாடினோம். மூன்று தடவை. கற்பூரம் அணைந்த பிறகும் ஒரு தடவை.

மத்தியானம் பனி உருக உப்புத் தூவும் லாரி ஒன்று போயிற்று. சற்று நேரத்தில் அதன் பின்னாலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு பஸ் வந்தது. “வந்துருச்சு, வந்துருச்சு” என்று செல்வி கத்தினாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.